இடம் தேடிப் போன ஓரா மீன்

மட்டப்பார் என்ற பாறைமேடு கடலுக்கடியில் இருந்தது. அதன் மேலும் சுற்றிலும் கடற்புல் முளைத்துக் கிடந்தது. அந்தப் புல்லையும் பாசியையும் மேய்ந்து ஒரு பெரிய ஓரா மீன் கூட்டம் அங்கே வாழ்ந்தது.

காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பினால் ஒன்றின் வால் இன்னொன்றின் கண்ணில் இடிக்கும், அவ்வளவு பெரிய கூட்டம். சட்டென்று திரும்ப முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கூட்டத்தின் தலைவர் நெடுமுள்ளாருக்கு அதில் ஏகப்பெருமை.

"நம்ம நிழல் விழுந்தா கீழே மணல் தெரியாது. இந்தக் கடல்ல வேற யாருக்கு உண்டு இந்தக் கொடுப்பினை?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. மட்டப்பாரில் புல் எங்கேயும் வளரவே இல்லை. குருத்து தலைகாட்டும் முன்னே ஒரு வாய் வந்து நறுக்கிவிடும். வேரோடு ஒட்டக் கத்தரித்த மாதிரி பார் முழுக்க மொட்டையாகக் கிடந்தது. மீன்களுக்கு வயது ஏறியது, உடம்பு ஏறவில்லை. நாலைந்து வருடம் கண்டவர்கள்கூட நேற்றுப் பிறந்தவர்கள் மாதிரி ஒடுங்கிப்போய் இருந்தார்கள். எல்லோருமே அப்படி இருந்ததால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் மஞ்சணை என்று ஒரு பெண் மீன் இருந்தாள். துடுப்போரம் மஞ்சள் படர்ந்திருந்ததால் அந்தப் பெயர். அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம். தன் குஞ்சு ஒன்றாவது இந்தப் பாரில் வளர்ந்து மேய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஓரா மீன்கள் அமாவாசை கழிந்த விடியற்காலையில் புல்லடியில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் தூசியைப் போல இருக்கும். நீரோட்டம் அவற்றை அள்ளிக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடும். அங்கே மிதந்து, கொஞ்சம் வளர்ந்து, ஒருநாள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி மினுமினுத்துக்கொண்டு பாரைத் தேடித் திரும்பி வரும். அவை இன்னாருடைய குஞ்சுகள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மஞ்சணை வந்த எல்லாக் குஞ்சுகளையும் தன்னுடையவையாகத்தான் பார்த்தாள்.

ஒவ்வொரு முறையும் அவை திரும்பும் காலத்தில் அவள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பாரின் விளிம்பில் போய் நிற்பாள். சுணையன் என்ற ஆண் மீன் அவளோடு ஜோடி சேர்ந்தவன். அவனும் கூடவே வந்து நிற்பான்.

"வருது பாரு" என்பாள் அவள்.

வரும். ஆனால் தங்காது. ஒளிய உயரமான புல் கிடையாது. மேயக் குருத்து கிடையாது. பசியோடிருக்கும் பெரிய மீன்கள், "ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கே இல்ல, தள்ளிப் போ" என்று வாலால் ஒதுக்கிவிடும். ஒதுங்கிய குஞ்சு மொட்டை மணலில் தனியாக நிற்கும். அந்த மணலுக்குப் பக்கத்துப் பொந்தில்தான் கசத்தார் இருந்தார்.

கசத்தார் ஒரு களவா மீன். பெரிய வாய், பெரிய வயிறு, இனிக்க இனிக்கப் பேச்சு. அவர் குஞ்சுகளைத் துரத்தியதில்லை. துரத்த வேண்டிய அவசியமே வரவில்லை. வாயைத் திறந்தால் போதும்.

அந்த வருடமும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு குஞ்சு எப்படியோ தப்பி மஞ்சணையின் வயிற்றடியில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். தலைக்கு மேலே கூட்டம் நெருக்கியது. யாரோ யாரையோ இடிக்க, அந்த இடி அவள்மேல் விழ, அவள் ஒரு முழம் நகர்ந்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் குனிந்து பார்த்தபோது அங்கே குஞ்சு இல்லை. கசத்தார் பொந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்.

மஞ்சணை அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு திருக்கை அந்தப் பக்கம் வந்தது. ஊர் ஊராகக் கடலைச் சுற்றும் பழக்கமுள்ளது. மஞ்சணையின் முகத்தைப் பார்த்துவிட்டு மணலில் படுத்தது.

"என்ன மதினி, சுரத்தே இல்ல?"

மஞ்சணை நடந்ததைச் சொன்னாள்.

திருக்கை வாலைத் தூக்கித் தூரத்தைக் காட்டியது. "பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உடைப்பார்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? முன்னே ஒரு காலத்துல இழுவை வலை வந்து அங்க இருந்த ஓராவையெல்லாம் வழிச்சுட்டுப் போயிருச்சு. அப்புறம் ஒரு விசைப்படகு அங்கேயே முங்கிருச்சு. அந்த இரும்புல வலை மாட்டிக் கிழியும்னு இப்ப எந்தப் படகும் அந்தத் திசைக்கே வர்றதில்ல. புல்லு என் வால் நீளத்துக்கு நிக்குது. மேயத்தான் ஆளில்ல."

மஞ்சணை அன்று சாயங்காலமே கூட்டத்தில் இதைச் சொன்னாள்.

"நம்மள்ல கொஞ்சம் பேர் அங்க போலாம் அண்ணாச்சி. இங்க இருக்கிறவங்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். வர்ற குஞ்சுகளுக்கும் புல்லு மிஞ்சும்."

நெடுமுள்ளார் துடுப்பைச் சொறிந்தார். அவருக்கு எதையும் தனியாக முடிவு செய்யப் பயம். "கசத்தாரைக் கேப்போம். அவர் நாலும் தெரிஞ்சவர்" என்றார்.

கசத்தார் பொந்திலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். மஞ்சணை சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தானே ஐயா சுறாகூட ஒதுங்கிப் போகுது? இதைப் பிரிக்கணுமா? இன்னிக்கு நாலு பேர் போவாங்க, நாளைக்கு நாப்பது பேர் போவாங்க. அப்புறம் உங்க நிழல் எங்க விழும்? அதுவும் எங்க போறாங்க? வலை வழிச்ச இடத்துக்கு. எனக்கு உங்க மேல இருக்கிற பிரியத்துல சொல்றேன். ஒருத்தரையும் விடாதீங்க."

"அவருக்கு நம்ம மேல பிரியம்தான். நம்ம பிள்ளைங்க மேல அதைவிடப் பிரியம்" என்றாள் மஞ்சணை.

சிலர் சிரித்தார்கள். நெடுமுள்ளார் சிரிக்கவில்லை. "பெரியவங்களைப் பத்திப் பேசும்போது வாயை அடக்கு. யாரும் எங்கேயும் போகல" என்று முடித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் மஞ்சணை சுணையனிடம் வந்தாள். "நான் போறேன். நீ வர்றியா?"

சுணையன் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து அவன் இரண்டு பக்கமும் யாராவது உரசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த உரசல் இல்லாத கடலை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நீ போய்ப் பாரு. நல்லா இருந்தா..." என்று இழுத்தான்.

மஞ்சணை தனியாகப் பள்ளத்தைக் கடந்தாள். கீழே பார்த்தால் இருட்டு. முன்னே பார்த்தால் வெறும் நீலம். வழியில் பலமுறை திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. அப்போதெல்லாம் வயிற்றடியில் அந்தக் குஞ்சு ஒட்டியிருந்த இடம் குறுகுறுத்தது. அவள் நீந்திக்கொண்டே போனாள்.

திருக்கை சொன்னது பொய்யில்லை. உடைப்பாரில் புல் காடாக நின்றது. ஓட்டத்தில் அது மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக நிமிரும். துருப்பிடித்த படகின்மேல் பாசி கெட்டியாகப் படர்ந்திருந்தது. மஞ்சணை முதல் கடி கடித்தபோது பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிடுங்க யாரும் வரவில்லை.

அவள் தின்றாள். வளர்ந்தாள். அடுத்த அமாவாசைக்குள் உடம்பு பளபளத்தது. அதற்கடுத்த பருவத்தில் அவள் பழைய மஞ்சணையில் இரண்டு பங்கு இருந்தாள். வயிற்றில் முட்டை திரண்டது. மட்டப்பாரில் அவள் இட்டதெல்லாம் ஒரு பிடி. இங்கே அதுபோலப் பல பிடி.

ஒரு விடியற்காலையில் அவள் அந்த முட்டைகளைப் புல்லடியில் ஒட்டவைத்தாள். பிறகு வழக்கம்போல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். சுணையன் வந்து முட்டைகளின் மேல் கடந்துபோய் அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டிய நேரம் அது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வெளிச்சம் வந்தது. பேருக்கு ஒரு சத்தம்கூட இல்லை. புல் மட்டும் அசைந்தது.

முட்டைகள் முதலில் தெளிவாகத்தான் இருந்தன. மறுநாள் மங்கின. அப்புறம் சோறு மாதிரி வெளுத்துப்போயின. மஞ்சணை துடுப்பால் விசிறிப் பார்த்தாள். அழுக்கை ஊதிப் பார்த்தாள். கடைசியில் அவை புல்லிலிருந்து தாமாகவே கழன்று உதிர்ந்தன.

அந்த வழியாக வந்த திருக்கை அவளைப் பார்த்து அசந்துபோயிற்று. "அடேயப்பா, அடையாளமே தெரியல. புல்லு வேணும்னே, வேண்டிய மட்டும் கிடைச்சிருச்சு. இன்னும் என்ன மதினி குறை?"

"பக்கத்துல ஒருத்தர் இடிச்சுக்கிட்டுச் சாப்பிடணும்" என்றாள் மஞ்சணை. "அங்க இருந்தப்ப இந்தப் புல்லை நினைச்சு ஏங்கினேன். இங்க வந்து அந்த இடியை நினைச்சு ஏங்குறேன். நான் கூட்டம் வேண்டாம்னு வரல. கூட்டத்துக்கு இடம் வேணும்னுதான் வந்தேன்."

"அப்ப இதை என்கிட்ட சொல்லி என்ன செய்ய?" என்றது திருக்கை.

மஞ்சணை மறுபடியும் பள்ளத்தைக் கடந்தாள்.

மட்டப்பாரில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஓராவை அவர்கள் பார்த்ததே இல்லை. சின்னவர்கள் பயந்து விலகினார்கள். கசத்தாருக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது.

"இது உங்க ஜாதியே இல்ல ஐயா" என்று அவர் நெடுமுள்ளாரிடம் முந்திக்கொண்டார். "ஓரா எங்கேயாவது இந்த அளவு வளருமா? உங்க புல்லைப் பிடுங்க வந்த வேற ஏதோ மீன். விரட்டிவிடுங்க."

நெடுமுள்ளார் முன்னால் வந்தார். "யார் நீ?"

"மஞ்சணை, அண்ணாச்சி. உங்க கூடவே பிறந்து வளர்ந்தவ. ஓரா இந்த அளவு வளரும். நாம வளரவிடாம ஒருத்தரை ஒருத்தர் அமுக்கி வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுணையன். அவன் மெலிந்திருந்தான். அவளை ஒருமுறை சுற்றி வந்தான். துடுப்போரத்து மஞ்சளைப் பார்த்தான்.

"அவதான்" என்றான்.

அதற்குள் இரண்டு மூன்று பெண் மீன்கள் மஞ்சணையைச் சூழ்ந்துகொண்டன. அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்க குஞ்சு தங்குமா அக்கா?"

தங்கும் என்று சொல்லிவிட்டால் அத்தனை பேரும் அப்போதே கிளம்பியிருப்பார்கள். மஞ்சணைக்கும் அது தெரியும். அவள் உள்ளதைச் சொன்னாள்.

"தெரியல. ஒளியப் புல்லு இருக்கு, மேயக் குருத்து இருக்கு. ஆனா நான் தனியா இருந்ததால என் முட்டை ஒண்ணுகூடப் பொரியல. எல்லாம் வெளுத்து உதிர்ந்துபோச்சு. கொஞ்சம் பேராவது சேர்ந்து போனாத்தான் தெரியும்."

"பாருங்க, அவளே சொல்றா" என்றார் கசத்தார். "ஒரு முட்டைகூடப் பொரியலையாம். இங்கேயோ வருஷா வருஷம் எவ்வளவு குஞ்சு வருது."

"வருது" என்றாள் அந்தப் பெண் மீன். "எங்க போகுது?"

முதன்முறையாகப் பல கண்கள் சேர்ந்தாற்போல கசத்தாரின் வயிற்றைப் பார்த்தன.

நெடுமுள்ளாருக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "போறவங்க போங்க. திரும்பி வந்து இடம் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதிக் கூட்டம் கிளம்பியது. சுணையன் மஞ்சணையின் பக்கத்தில் நீந்தினான்.

பள்ளத்தின் நடுவில் கீழிருந்து ஒரு கறுத்த உருவம் ஏறி வந்தது. கசத்தார்தான். இனிமேல் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் அவர் பேச்சை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு வந்தார். ஒருவர் இருவரைப் பிடித்தால் போதும், மற்றவர்கள் பயந்து வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"ஓடாதீங்க. ஒட்டி நில்லுங்க. முள்ளைத் தூக்குங்க" என்றாள் மஞ்சணை.

நெருக்கமாக நிற்பது அவர்களுக்குப் புதிதல்ல. சுணையன் வெளிவரிசையில் நின்றான். ஓரா மீனின் முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் வலைக்காரர்களே கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. வந்த வேகத்தில் கசத்தாரின் வாயிலும் கன்னத்திலும் அவை ஏறின. அவர் ஒரு சுற்றுச் சுற்றித் தள்ளாடிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கிப் போனார்.

உடைப்பாரை அடைந்ததும் எல்லோரும் புல்லைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முதல் சில நாள் பழக்கத்தை விட முடியாமல் ஒரே மூலையில் இடித்துக்கொண்டு மேய்ந்தார்கள். மெல்ல மெல்லப் பரவினார்கள். மேயும்போது ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரம், ஆபத்து வந்தால் சேர்ந்துகொள்ளும் தூரம். அதற்கு மேல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

கொஞ்ச காலம் கழித்து மட்டப்பாரைப் பற்றித் திருக்கை சேதி கொண்டுவந்தது. தின்னும் வாய்கள் பாதியானதும் அங்கேயும் புல் நிமிர்ந்துவிட்டதாம். இருப்பவர்களுக்கு உடம்பு தேறிவிட்டதாம். திரும்பி வந்த குஞ்சுகள் புல்லுக்குள் ஒளிந்துகொள்ள, கசத்தார் மணலில் காத்திருந்து காத்திருந்து பசி தாங்காமல் வேறு கடலுக்குப் போய்விட்டாராம்.

"அண்ணாச்சி என்ன சொல்றார்?" என்று கேட்டாள் மஞ்சணை.

"தன்னோட நிர்வாகத்துல புல்லு வளர்ந்திருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறார்."

மஞ்சணை சிரித்தாள். "சொல்லிக்கட்டும். குஞ்சு தங்குதுல்ல."

உடைப்பாரிலும் அமாவாசை கழிந்தது. விடியற்காலையில் மஞ்சணை முட்டையிட்டாள். சுணையன் கடந்துபோனான். மறுநாள் அவள் பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள். முட்டைகள் மங்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. அதற்கடுத்த நாள் தூசி மாதிரி எழும்பி ஓட்டத்தோடு போய்விட்டன. அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள். பிறகு கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

அதற்கப்புறம் காத்திருப்புதான். காற்று திரும்பியது. ஓட்டம் திரும்பியது. மஞ்சணை பாரின் விளிம்பை விட்டு நகரவில்லை. ஒருவேளை அவை வழி தப்பியிருக்கலாம். ஒருவேளை வேறு பாருக்குப் போயிருக்கலாம். கடல் பெரியது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒரு காலையில் நீலத்துக்குள் மினுமினுப்புத் தெரிந்தது.

குஞ்சுகள் கண்ணாடித் துண்டுகளைப் போல வந்தன. புல்லைக் கண்டதும் ஒரு கணம் நின்றன. பிறகு உள்ளே பாய்ந்து மறைந்தன. புல்லுக்குள் இருந்து கடிக்கிற சத்தம் கேட்டது, மிகச் சின்னச் சத்தம். பெரிய மீன்கள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தன. யாரும் சொல்லி அல்ல.

சுணையன் மஞ்சணையின் பக்கத்தில் வந்து நின்றான். "இதுல நம்மளுது எது?"

மஞ்சணை புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டப்பாரில் இட்டவையா, உடைப்பாரில் இட்டவையா, கண்காணாத வேறு ஏதோ ஒரு பாரில் யாரோ ஒருத்தி இட்டவையா, சொல்ல வழியில்லை. அவளுடைய குஞ்சுகள் இந்நேரம் வேறு யாருடைய புல்லுக்குள்ளோ நுழைந்துகொண்டிருக்கலாம். அங்கே யாராவது நகர்ந்து இடம் கொடுத்திருப்பார்களா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அந்த ஏக்கம் தீரவில்லை. தீராது என்றும் அவளுக்குப் புரிந்தது.

"தெரியாது" என்றாள். "தெரியாததுதான் நல்லது. தெரிஞ்சிருந்தா அதுக்கு மட்டும்தானே இடம் விட்டிருப்பேன்."

குஞ்சுகளில் ஒன்று புல்லிலிருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்தது. அவளுடைய பெரிய உடம்பைக் கண்டு மிரண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எட்டிப் பார்த்தது. மஞ்சணை அசையாமல் நின்றாள்.

எண்ணிக்கையைப் பெருமையாக நினைத்து நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் குறுகிப்போகும்; அடுத்து வருகிறவர்களுக்கு இடம் விட்டுச் சேர்ந்து வாழும் கூட்டமே தழைக்கும்.